உடன் சென்றவர்

மிருதுளா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, நாலு பேர் எங்கள் வீட்டு கேட்டை உதைத்துக்கொண்டு நின்றபோதுதான். சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் கிடையாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கடி உன் தம்பி?" என்றான் முன்னால் நின்றவன்.

நான் உடற்கல்வி ஆசிரியை. நான் விசில் ஊதாமலே மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை நிற்கும். "யாருடா நீ, என்னை டி போட்டுக் கூப்பிட? கேட்ல இருந்து காலை எடு. எடுக்கலைன்னா உடைச்சு அனுப்புவேன்" என்று கத்தினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவன் காலை எடுத்தான். பதிலுக்குப் போனை நீட்டினான். திரையில் அரசு முத்திரையோடு ஒரு தகவல். தேடல் சேவை. காணாமல் போனவர்: மிருதுளா, வயது பத்தொன்பது. வகை: விருப்பத்துடன் சென்றவர். உடன் சென்றவர்: அறவாழி. அதற்குக் கீழே எங்கள் வீட்டு முகவரி, கதவு எண் உட்பட, அவன் வேலை செய்யும் லிஃப்ட் கம்பெனியின் எண்ணும்.

அறவாழி என் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். காலையில் நான் சுட்டுக்கொடுத்த மூன்று தோசையைத் தின்றுவிட்டு, கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தான். அவன் யாரையாவது இழுத்துக்கொண்டு ஓடியிருந்தால், அவளும் அந்த லிஃப்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

"அவன் வேலைக்குப் போயிருக்கான். எந்தப் பொண்ணையும் எங்களுக்குத் தெரியாது."

"கவர்மெண்டே சொல்லுது. நீ தெரியாதுங்கிற" என்றான் இன்னொருவன். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கடையை விசாரித்துக்கொண்டு அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தம்பிக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது போனைப் பையில் போட்டு மேலே வைத்துவிடுவது அவன் வழக்கம். வேலை நேரத்தில் கவனம் சிதறக்கூடாதாம். பையில் கிடந்த அந்தப் போன் நான் அடித்த அத்தனை தடவையும் அடித்து ஓய்ந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழியிலிருந்து ஏறி வந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்திருக்கிறார்கள். புடவை எடுக்க வந்த சனம் வட்டம் கட்டி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது, சிலபேர் படம் வேறு எடுத்திருக்கிறார்கள். கடைக் காவலாளி ஒருவர்தான் குறுக்கே விழுந்து தடுத்தார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஸ்பேனர் பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும்போது அவன் என்னைக் கேட்டான்: "மிருதுளான்னா யாருக்கா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"அடிக்கும்போது அதைத்தான் நானும் கேட்டேன். அதுக்கும் சேர்த்து அடிச்சாய்ங்க."

கட்டில் பக்கத்தில் ஒரு ஏட்டு நின்றார். அடித்தவர்களைப் பிடிக்க வந்தவர் இல்லை. என் தம்பியை விசாரிக்க வந்தவர். பெண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று அவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாவுக்கட்டு வாளியை எடுத்து அவர் தொப்பிமேல் கவிழ்த்திருப்பேன்.

"என்கிட்ட கோபப்பட்டு என்னம்மா பிரயோசனம்?" என்றார் ஏட்டு. "திரையில இவன் பேரு இருக்கு. அது இருக்கிற வரைக்கும் நான் விசாரிச்சுத்தான் ஆகணும். அவிங்களும் விடமாட்டாய்ங்க, ராத்திரிக்குள்ள திரும்பி வருவாய்ங்க. உங்க தம்பி உசுரோட இருக்கணும்னா முதல்ல அந்தப் பேரை எடுக்க வைங்க. தேடல் ஆபீசு மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பேக்கரி மாடியில இருக்கு."

தேடல் வந்து இரண்டு வருடம் இருக்கும். ஆள் காணாமல் போனால் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டாம், போனிலேயே மனுப் போடலாம். பஸ்ஸில், கடையில், சிக்னலில் இருக்கும் காமிராக்கள் முகத்தைத் தேடும். காணாமல் போன கிழவர்களையும் பிள்ளைகளையும் நிறையக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பஸ் முதுகிலெல்லாம் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். நான்கூட என் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் நல்ல விஷயம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாடியில் ஏசி ஓடியது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நிரஞ்சன் என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தான். இந்த மாவட்டத்துக்கான மனுவை வடிவமைத்து நடத்துவது அவன்தான். அவன் எதிரே ஒரு பெண்மணி நின்றுகொண்டே அழுதுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நான் அந்தப் பேரைப் போடலப்பா. சத்தியமா நான் போடல" என்றார்.

"உங்க போன்ல இருந்துதாம்மா வந்திருக்கு."

"அறவாழின்டு எனக்கு யாரையும் தெரியாதுய்யா."

நான் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "நீங்க மிருதுளாவோட அம்மாவா?"

"ஆமா தாயி. கோமதி. நீங்க?"

"அறவாழியோட அக்கா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கத்தான் அவரைத் திருப்பினேனோ என்னவோ, கடைசியில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

நடந்தது இதுதான். மிருதுளா வெள்ளிக்கிழமை காலையில் கல்லூரிக்குப் போனவள் ராத்திரி வீடு திரும்பவில்லை. அப்பா லாரியோடு வடக்கே போயிருக்கிறார். வீட்டில் இருப்பது கோமதியும் கொழுந்தன்மார் குடும்பங்களும். "அவிங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஏதுன்டு கேக்க மாட்டாய்ங்க, அருவாளைத்தான் எடுப்பாய்ங்க. பிள்ள பெரியம்மா வீட்டுல படிக்கிறான்டு பொய் சொல்லி வச்சேன். ஸ்டேஷனுக்குப் போனா தெருவுக்கே தெரிஞ்சுரும். போன்ல போட்டா யாருக்கும் தெரியாம தேடிக் குடுத்துருவாகன்டு நெனச்சு, விடியவும் கக்கூசுக்குள்ள உக்காந்து போட்டேன் தாயி" என்றார்.

"காலையில எங்க கேட்டுக்கு வந்த கொழுந்தன்மாருக்கு எப்படித் தகவல் போச்சு?" என்று நிரஞ்சனைக் கேட்டேன்.

"குடும்ப அட்டையில இருக்கிற எல்லா நம்பருக்கும் தானா போகும் மேடம். குடும்பமே சேர்ந்து தேடினா சீக்கிரம் கிடைப்பாங்கல்ல?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"சரி, என் தம்பி பேரு எப்படி வந்துச்சு? நீயே சொல்லு."

அவன் திரையை எங்கள் பக்கம் திருப்பினான். மனுவில் ஒரு கட்டம். உடன் சென்றவர் என்று தலைப்பு. அவன் அதைத் தொட்டதும், ஓர் எழுத்துகூட அடிக்காமலே, கீழே பெயர்கள் வரிசையாக விரிந்தன. முதலில் அறவாழி.

"காணாமப் போனவங்க பக்கத்துல கடந்த மாசங்கள்ல அதிகமா யார் இருந்தாங்கன்னு பஸ் காமிராவுல இருந்து எடுத்து, முகத்தை அரசு அடையாள அட்டையோட ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் மேடம். உங்க தம்பியும் அந்தப் பொண்ணும் தினம் ஒரே பஸ். அந்தப் பொண்ணு லேடீஸ் சீட்டுல கடைசி. உங்க தம்பி அதுக்கு நேர் பின்னாடி."

"அவன் ஏறின உடனே தூங்கிருவான். கண்டக்டர் எழுப்பித்தான் இறக்கிவிடுவாரு."

"தூங்குறாரா முழிச்சிருக்காரான்னு இது பார்க்காது மேடம். தூரம் மட்டும்தான்."

"ஒரே பஸ்ல நாப்பது பொம்பளைகளும் போறாங்க. அவங்க பேரு ஏன் இதுல இல்ல?"

"அந்த வகைக்கு ஆண்கள் மட்டும், பதினெட்டுல இருந்து முப்பத்தஞ்சு. அப்படித்தான் அமைச்சிருக்கோம்."

"எந்த வகைக்கு?" என்றார் கோமதி. "நான் பிள்ள காலேஜுக்குப் போயி திரும்பலன்டுதான அடிச்சேன்?"

"நீங்க முதல் கட்டத்துல அடிச்சதுக்குக் கீழ வகை வந்திருக்கும்மா. நீங்க எதையும் தேர்ந்தெடுக்கல. அதனால முதல்ல இருக்கிறதை அது எடுத்துக்கிச்சு. பத்தொன்பது வயசுப் பொண்ணுன்னா அதிகமா வர்ற வகை இதுதான்."

"யாரு அதிகமா போட்டா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆரம்பத்துல ஸ்டேஷன்ல எழுதின பழைய புகாருங்களை வச்சுப் பழக்கினோம். அதுல முக்கால்வாசி அப்படித்தான் எழுதியிருந்தாங்க. அப்புறம் மக்கள் போடப் போட அதுவே கூடிக்கிச்சு."

மக்கள் எங்கே போட்டார்கள்? பயந்துபோய், கண்ணீரோடு, 'அடுத்து' என்பதை அமுக்கினார்கள். கட்டம் தானாகப் போட்டுக்கொண்டது. தானே போட்டதைத் தானே எண்ணி, பார், எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்று அடுத்தவளுக்கும் அதையே நீட்டியது. ஊரில் காணாமல் போன பெண்களில் பாதிப்பேர் ஓடிப்போனவர்கள் ஆனது இப்படித்தான். எவளாவது கிணற்றில் கிடந்திருந்தாலும் காமிரா அவளோடு சேர்த்து ஒரு பையனைத்தான் தேடியிருக்கும்.

"நான் அந்தப் பேருங்களைப் பார்த்துப் பயந்துபோயி ஒண்ணையும் தொடாம அடுத்ததுக்குப் போனேன் தம்பி" என்றார் கோமதி.

"ஒண்ணையும் தொடலைன்னா முதல் பேரைத் தானா எடுத்துக்கும். அதுவும் நாங்க போட்டு வச்ச அமைப்புதான். கட்டாயக் கட்டம் அது, காலியா விட்டா மனு நின்னுடும். நிறைய மனு அரைகுறையா நின்னா மேலே கேள்வி கேட்பாங்க."

"தெரியாதுன்னு ஒண்ணு வச்சா என்ன?"

"முதல்ல வச்சிருந்தோம் மேடம்."

"எங்க அது?"

"எல்லாருமே அதையே தேர்ந்தெடுத்தாங்க. அதனால எடுத்துட்டோம்."

நான் மேஜையில் ஓங்கி அடித்தேன். அவன் டம்ளர் உருண்டது. "தெரியாததுனாலதானடா தெரியாதுன்னு போட்டாங்க! காணாமப் போன பிள்ளையை யார் கூடப் போனான்னு தெரிஞ்சிருந்தா அவங்க எதுக்கு உன்கிட்ட வர்றாங்க?"

"மேடம், இது வெறும் பரிந்துரைதான்."

"பரிந்துரையா? ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். வந்து பாரு, பரிந்துரைக்கு மாவுக்கட்டு போட்டிருக்காங்க. பேரை எடு."

"எடுக்கலாம். ஆனா கட்டாயக் கட்டம். இவர் பேரை எடுக்கணும்னா பட்டியல்ல இருக்கிற வேற ஒருத்தரைப் போடணும்."

"உன் பேரைப் போடு."

அவன் முகம் வெளுத்தது. "என் பேரா? ஐயோ, என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க? அவங்க வீட்டு ஆளுங்க எப்படின்னு தெரியும்ல!"

"தெரியுதுல்ல? நல்லாத் தெரியுதுல்ல உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பட்டியல் திறந்தே கிடந்தது. இரண்டாவது பெயர் யாரோ ஒரு சந்தானகிருஷ்ணன். நான் பார்த்தே இராத ஆள். ஒரு தொடுதல். அதோடு என் தம்பி பிழைத்துக்கொள்வான். பைக்குகள் வேறு தெருவுக்குத் திரும்பிவிடும். என் விரல் திரை வரைக்கும் போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தம்பியை அந்தக் கோலத்தில் பார்த்த எந்த அக்காவின் விரலும் போகும்.

கோமதிதான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் தாயி. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

நான் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். நிரஞ்சன் உருண்ட டம்ளரை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் கோமதியின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தார். "அம்மா, நான்தான்" என்ற குரல் எனக்கும் கேட்டது.

மிருதுளா கடலோரக் காவல்படைத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். சித்தப்பாமார் காக்கிச் சட்டை வேலைக்கு விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஓட்டமும் நீச்சலும் முடிய இருட்டிவிட்டதால் கூடவந்த பெண்களோடு விடுதியில் தங்கிவிட்டாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டுக் காலையில்தான் கொடுத்தார்களாம், அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் பேசுகிறாள். "தேறிட்டேன்மா" என்றாள். அந்தச் சந்தோஷக் குரலைக் கேட்டு அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்துராதடி" என்றார். "வந்துராத. நான் சொல்ற இடத்துக்கு வா." பிறகு என்னைப் பார்த்தார். எந்த இடம் என்று அவருக்கே தெரியாது.

எனக்கு உடனே தோன்றியது. "எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. போலீசும் வரட்டும். உங்க பொண்ணு என் தம்பிக்கு முன்னாடி நின்னு, இவர் யாருன்னே எனக்குத் தெரியாது, நான் தனியாத்தான் போனேன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் எந்தக் கட்டம் என்ன செய்யும்னு பார்க்கிறேன்."

நிரஞ்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

மத்தியானம் தம்பியை வீட்டுக்கு அழைத்துவந்தேன். மூன்று மணிவாக்கில் மிருதுளா தோள்பையோடு வந்து நின்றாள். வெயிலில் கறுத்துப்போய், நல்ல ஓட்டக்காரிக்குரிய கால்களோடு இருந்தாள். கோமதி அவளை ஒரு அறை அறைந்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு விடவே இல்லை. அம்மாவின் தோளுக்குமேல் அவள் என் தம்பியின் கட்டைப் பார்த்தாள்.

"இந்த அண்ணனையா அடிச்சாங்க? என்னாலயா?"

"உன்னால இல்லம்மா" என்றான் அறவாழி. "நீயும்தான் மாட்டிக்கிட்ட."

"நிஜமா உங்களை நான் பார்த்ததே இல்லண்ணே. பின்னாடி யாரோ குறட்டை விடுவாங்கன்னு மட்டும் தெரியும்."

அவன் சிரித்தான். விலா வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் சொல்லியனுப்பியபடி பெண் காவலர் ஒருவர் வந்தார். கூட காலையில் பார்த்த அதே ஏட்டு. மிருதுளா நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வுச் சீட்டைக் காட்டினாள். தனியாகப் போனேன், தனியாக வந்தேன், இவரை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள். காவலருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்லா ஓடி ஜெயிச்சிருக்க கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாறாங்கல் இறங்கியது.

பிறகு அவர் கையில் இருந்த டேப்லெட்டைத் திறந்தார். மனுவை முடித்துவைக்க வேண்டுமாம். காணாமல் போனவர் கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்று ஒரு கட்டம். அது நாங்கள் நிற்கும் இடத்தைத் தானே அறிந்துகொண்டு எங்கள் வீட்டு முகவரியைப் போட்டது. அடுத்த கட்டம், கண்டுபிடிக்கப்பட்டபோது உடன் இருந்தவர். அறவாழி.

"இல்ல, இல்ல! தனியா வந்தான்னு எழுதுங்க" என்று கத்தினேன்.

"எழுத விடமாட்டேங்குதும்மா. அடிச்சாலும் திரும்ப இதே பேருக்குத்தான் வருது. இதுல ஒண்ணு இல்லாம மனு முடியாது. மனு முடியலைன்னா பொண்ணு இன்னும் காணாமப் போனவதான், அரசுப் பெண்கள் ஹோமுக்குக் கூட்டிட்டுப் போகணும்." அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையசைத்தார். அவர் 'அடுத்து' என்பதை அமுக்கினார்.

கோமதியின் போன் முணங்கியது. குடும்ப அட்டையில் இருக்கும் எல்லாப் போன்களும் அதே நேரத்தில் முணங்கியிருக்கும். மிருதுளா, உடன் சென்றவர் வீட்டில், அவருடன் கண்டுபிடிக்கப்பட்டார்.

ஏட்டு அதைப் படித்துவிட்டுப் போய் கேட்டைச் சாத்தினார். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு இன்னும் நாலு பேரை அனுப்பச் சொன்னார். என் பள்ளி விளையாட்டு விடுதியில் மிருதுளாவுக்கு ஒரு கட்டில் கேட்டேன், கொடுத்தார்கள். அறவாழியைக் கோயம்புத்தூரில் இருக்கும் அவன் கூட்டாளி வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவானது. "நான் ஒண்ணும் பண்ணலையேக்கா, நான் ஏன் ஊரை விட்டுப் போகணும்?" என்றான். அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன்.

அப்போது என் போனில் நிரஞ்சன் கூப்பிட்டான். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேடம், மனு முடிஞ்சிடுச்சு. கணிப்பு உறுதின்னு வந்திருக்கு. பொண்ணு மேஜர், அதனால உங்க தம்பிமேல இனி விசாரணை கிடையாது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அவன் பேரு அதுல இருந்து போயிடுமா?"

"அது... இல்ல மேடம். ஒரு தடவை உறுதியான பேருக்கு மதிப்பு கூடும். கட்டம் அப்படித்தான் கத்துக்குது. இனிமே மத்த மனுவுலயும் அந்தப் பேரு மேல வரும்."

"எந்த மத்த மனு?"

"அந்த பஸ்ல போற எந்தப் பொண்ணு காணாமப் போனாலும்."

நான் கத்த வாயைத் திறப்பதற்குள் கோமதி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, நான் மிருதுளா அம்மா பேசுறேன். உனக்குக் கூடப் பொறந்த பொண்ணு இருக்காய்யா?"

"இருக்காம்மா. தங்கச்சி."

"காலேசு படிக்குதா?"

"ஆமாம்மா."

"ஒரு நா அது வர நேரமாச்சுன்டா, உங்க அம்மாவும் இந்தக் கட்டத்தைத் தொடுவாகள்ல? அது எந்த பஸ்ல போகுதுய்யா?"

அறவாழி ஒற்றைக் கையால் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் போனையே பார்த்தான்.

"அதே பஸ்தாம்மா" என்றான் நிரஞ்சன்.

அவன் குரல் உடைந்திருந்தது. எனக்குக் கொஞ்சங்கூட இரக்கம் வரவில்லை.